நாலரை மில்லிமீட்டர்

சிரியுங்கள், என்றார் டாக்டர் நில்செயா.
ஜசியாரா உதட்டை இழுத்து
ஒரு சிரிப்பைச் செய்து காட்டினாள்.
இது இல்லை. உங்கள் சிரிப்பு.
அளவெடுக்க வேண்டும்.

பெலெம் நகரத்தில் மணி இரண்டேகால்.
மழை வர இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.
கீழே சந்தைக்குப் போகும் பேருந்துகள்
கதவை மூடாமலே ஓடிக்கொண்டிருந்தன.

பத்தொன்பது வருடமாக இப்படித்தான் சிரிக்கிறாள்:
மேலுதட்டைக் கடை ஷட்டர் போல இறக்கி,
அதற்கும் அடங்காவிட்டால்
இடது கையால் பொத்தி.
வலது கையில் எப்போதும் சில்லறை.
தீவுப் படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவள்
மிச்சத்தை ஒரு கையால் சமாளிக்கப் பழகியிருந்தாள்.

ஏழாம் வகுப்பில் வால்டெசிர் என்றொருவன்
அவள் சிரித்தபோது குதிரைபோலக் கனைத்தான்.
அவ்வளவுதான் நடந்தது.
இப்போது டயர் கடையில் இருக்கிறான்.
ஞாயிறுதோறும் அவளிடம்தான் சீட்டு வாங்குகிறான்,
சில்லறை சரியாகத் தருகிறான்,
நல்ல மனிதன்.

முத்து என்றும் முல்லை என்றும்
பல்லைப் பாடிப் பாடி அலுத்திருக்கிறோம்.
முத்து உட்கார்ந்திருக்கும் சதைக்கு
ஒரு வரி இல்லை.
அது தெரிந்தால் இளிப்பு,
தெரியாவிட்டால் முறுவல்.
எதுவரை தெரியலாம்?
இரண்டு மில்லிமீட்டர், என்கிறார் டாக்டர்,
வீட்டு மனைக்கு எல்லை சொல்வது போல.

மறுபடி சிரியுங்கள்.
வரவில்லை.
உதவியாளன் எட்வால்டோ
மாமியாரும் முதலையும் வரும் கதையொன்றைச் சொன்னான்.
டாக்டர்தான் சிரித்தார், முகக்கவசத்துக்குள்.
அது கணக்கில் வராது.

அப்போதுதான் மழை.
விளக்கு ஒருமுறை செத்துப் பிழைத்தது.
நாற்காலிக்கு என்ன தோன்றியதோ,
தானாகவே சாய ஆரம்பித்தது,
தலை கீழே, கால் மேலே,
ஒரு செருப்பு கழன்று எட்வால்டோவின் மார்பில்.
சட்டைப் பையிலிருந்த காலைநேரக் காசெல்லாம்
எஃகுத் தட்டில் கொட்டியது, கலகலவென்று,
கடைசி ஒன்று டாக்டரின் காப்பிக்குள்.

கனைத்தாள்.
ஆமாம், குதிரைதான்.
கை போகுமுன் அதைப் பிடித்துக்கொண்டு
நிறுத்தாதீர்கள், நிறுத்தாதீர்கள் என்று
டாக்டர் அளவுகோலை நீட்டினார்.
வலப்புறம் நாலரை, இடப்புறம் நாலு.
ஒரு படமும் எடுத்தார்கள்.

அடுத்த வியாழன், ஊசி.
உதடு யாருடையதோ ஆனது.
புள்ளிபுள்ளியாக ரத்தத்தில் கோலம்,
பிறகு லேசர்,
பிறகு முடி கருகும் வாசனை.
ஈறு என்றால் முடிவு என்றும் ஒரு பொருள் உண்டு.
பல் எங்கே முடியவேண்டும் என்பதை
அவள் பன்னிரண்டு தவணையில்
திருத்தி எழுதிக்கொண்டிருந்தாள்.
பஞ்சுத்துணிமேல் ஆறு கீற்று,
வெட்டிய நகம் போல, இளஞ்சிவப்பில்.
பத்தொன்பது வருடத்துக்கு
இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றியது.
வாய் மரத்திருந்தது.

ஒரு வாரம் சூடு கூடாது.
உறைப்பு கூடாது.
அசாய்ப் பழக்கூழ் கூடவே கூடாது.
(பெலெமில் பிறந்த ஒருத்தியிடம் இதைச் சொல்ல
டாக்டருக்கே சங்கடமாக இருந்தது.)
பெரிதாகச் சிரிக்கவும் வேண்டாம்.
அதற்குப் பிரச்சினையில்லை, என்றாள்.

வீட்டில் தாழ்போட்டுக் கண்ணாடி பார்த்தாள்.
பற்கள் நீண்டிருந்தன,
ஊரிலிருந்து வந்த உறவினர் போல
வாசலிலேயே நின்றன.
அழகாகத்தான் இருந்தது.
அதில் சந்தேகம் ஒன்றுமில்லை.
இரண்டு தடவை பார்த்தாள்,
மூன்றாவது தடவை இடது கை
தானாக மேலே வந்தது.
சீ, போ என்றாள் அதை.

ஆறாவது வாரம், பின்-படம்.
சிரியுங்கள்.
உதட்டை இழுத்துச் செய்து காட்டினாள்.
இரண்டு, இருபுறமும், மயிரிழை பிசகாமல்.
டாக்டர் திரையில்
முன்னதையும் பின்னதையும் அருகருகே வைத்தார்.
முன்னதில் ஒருத்தி தலைகீழாக,
கண்ணில் நீர் வர,
ஈறெல்லாம் வெளியே தெரியச் சிரிக்கிறாள்.
பின்னதில் பற்கள் இருக்கின்றன.

இது யார், என்று கேட்டாள் ஜசியாரா,
முன்னதைக் காட்டி.
இதற்கு ஒரு பிரதி கிடைக்குமா?

யாரும் பதில் சொல்லவில்லை.
வெளியே வானம் வெறித்துக் கிடந்தது,
இந்த முறை மின்சாரம் போவதாக இல்லை.
எட்வால்டோ மெதுவாக
நாற்காலியின் மிதிகட்டைமேல்
காலை வைத்தான்.